மாற்றிப் பொருத்தும் உரிமை: நிரலகத்துக்கு ஏற்ற காப்பிலெஃப்ட் எது?

முனையத்தில் கட்டளை தட்டும்போது மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை திரும்ப வருகிறது. வரிக்குள் முன்னும் பின்னும் நகர்ந்து பிழையைத் திருத்த முடிகிறது. லினக்ஸில் பல நிரல்களுக்கு இந்தச் சிறு வசதியைத் தருவது குனூ திட்டத்தின் ரீட்லைன் நிரலகம். அதன் உரிமம் ஜிபிஎல் எனும் குனூ பொது உரிமம்: அதைச் சேர்த்துத் தரும் நிரலும் மூலத்தோடு அதே உரிமத்தில் தரப்பட வேண்டும். ஜெர்மனியில் புரூனோ ஹைபிளும் அவருடைய நண்பரும் எழுதிய சிலிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலாக்கி அதைப் பயன்படுத்திக்கொண்டது. சிலிஸ்ப்பை யாரும் இலவசமாகப் பெறலாம், ஆனால் அது ஜிபிஎல்லின்கீழ் இல்லை. 1992-இல் குனூ திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஹைபிளுக்கு எழுதினார்: ரீட்லைனோடு சேர்ந்து ஒரே நிரலாக இயங்குவது முழுவதும் ஜிபிஎல் நிபந்தனைக்கு உட்பட்டது. ஹைபிள் ஒப்பவில்லை. ரீட்லைனைச் சேர்க்காமல் தன் பகுதிகளை மட்டும் கொடுத்து, இணைக்கும் வேலையைப் பயனரிடம் விட்டுவிட்டால் என்ன என்று வாதாடிப் பார்த்தார். ஸ்டால்மன் அதற்கும் இசையவில்லை. முடிவில் சிலிஸ்ப் ஜிபிஎல்லுக்கு மாறியது. அந்தக் கடிதப் போக்குவரத்து இன்றும் சிலிஸ்ப்பின் மூல நிரலோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை அமைப்புகளின் உலகத்தினர் ஜிபிஎல் நிபந்தனை இல்லாத லிபெடிட் என்ற நிரலகத்தை வைத்திருந்தார்கள். ரீட்லைனை அழைப்பது போலவே அதையும் அழைக்கும்படி ஓர் இடைமுகத்தைப் பின்னர் அதில் சேர்த்தார்கள். ஆப்பிள் தன் மேக் கணினிகளில் வைப்பது லிபெடிட்டைத்தான். ஒரே உரிமம் ஒரு நிரலை முழுக்கக் கட்டற்றதாக்கியது, இன்னொரு கூட்டத்தை மாற்று வழிக்கும் அனுப்பியது. நிரலகத்துக்கு உரிமம் தேர்வது ஏன் முழு நிரலுக்குத் தேர்வதைவிடக் கடினம் என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும். முழு நிரலைப் பயனர் நேரடியாக இயக்குகிறார். லைப்ரரி என்று நிரலாளர்கள் சொல்லும் நிரலகம் எப்போதும் வேறொருவரின் நிரலுக்குள் போய் அமர்கிறது. அந்த வேறொருவர் யார், அவருடைய நிரல் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரே உரிமம் வெவ்வேறு விளைவைத் தருகிறது.

இந்த விவாதங்களில் பெரும்பாலும் இருவர்தான் கண்ணில் படுகிறார்கள்: நிரலகத்தை எழுதியவர், அதை எடுத்துப் பயன்படுத்தும் நிரலாளர். முன்னவர் எவ்வளவு கேட்கலாம், பின்னவர் எவ்வளவுக்கு இணங்குவார் என்ற பேரமாகவே பேச்சு முடிந்துவிடுகிறது. முடிவில் அந்த மென்பொருளைத் தன் கணினியிலோ கைபேசியிலோ வைத்திருக்கும் மூன்றாவது ஆளை எவரும் நினைப்பதில்லை. காப்பிலெஃப்ட் உண்டானதே அவருக்காக. நிரலைப் பெற்றவர் அதன் மூலத்தைக் கேட்டு வாங்கவும், மாற்றவும், மாற்றியதை இயக்கவும் முடிய வேண்டும்; இடையில் வருபவர் அந்த உரிமையைப் பறிக்கக்கூடாது. எந்த உரிமம் என்ற கேள்வியை அந்த மூன்றாவது ஆளின் இடத்திலிருந்து பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

ஜிபிஎல்லின் முதல் பதிப்பு 1989-இல் வந்தது. 1991 ஜூனில் இரண்டாம் பதிப்போடு சேர்ந்து நிரலகங்களுக்கென்றே எல்ஜிபிஎல் என்ற தனி உரிமம் ஒன்றும் வந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்து அன்று நிரலகத்தைக் குறித்தது. அதன் நோக்கம் தெளிவானது. சி மொழியின் அடிப்படை நிரலகத்தை குனூ திட்டம் எழுதியிருந்தது. அதை ஜிபிஎல்லில் வைத்தால் குனூவின்மீது எழுதப்படும் ஒவ்வொரு நிரலும் ஜிபிஎல்லாக வேண்டும். அந்த நிபந்தனையை ஏற்காத நிறுவனங்கள் தங்கள் நிரல்களை வேறு கணினி அமைப்புகளில் எழுதிவிட்டுப் போய்விடும். சி நிரலகம் எல்லா யூனிக்ஸிலும் இருக்கிறதே. ஆகவே நிரலகத்துக்கு மட்டும் காப்பிலெஃப்ட், அதை அழைக்கும் நிரலுக்கு விடுதலை என்ற சமரசம் பிறந்தது.

அந்தச் சமரசம் அளவுக்கு மீறிப் பரவியது. நிரலகம் என்றாலே எல்ஜிபிஎல் என்று பலரும் யோசிக்காமல் போடத் தொடங்கினார்கள். 1999-இல் 2.1 பதிப்பு வெளியானபோது முதல் எழுத்தின் பொருளை மாற்றினார்கள். நிரலகத்துக்கு உரியது என்றிருந்தது குறைந்த பாதுகாப்புள்ளது என்று ஆனது. அடுத்த நிரலகத்துக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தி அதே ஆண்டில் ஸ்டால்மன் ஒரு கட்டுரையும் எழுதினார். அவர் வைத்த அளவுகோல் எளிமையானது. மூடிய மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஏற்கெனவே வேறு நிரலகம் கிடைக்கிறது என்றால் ஜிபிஎல் போட்டு ஆதாயம் இல்லை, எல்ஜிபிஎல் போடலாம். உங்களுடையது செய்வதை வேறு எதுவும் செய்யவில்லை என்றால் ஜிபிஎல் போடுங்கள், கட்டற்ற மென்பொருள் எழுதுபவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு பலமாக அது இருக்கட்டும்.

இந்த அளவுகோலை இன்றும் நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு காலவரம்பு உண்டு. ஒரு நிரலகத்தின் தனித்தன்மை நிலையானதல்ல. பயனுள்ள எதற்கும் பணமும் ஆளும் உள்ள ஒருவர் சில ஆண்டுகளில் மாற்று எழுதிவிடுவார். வரைகலை இடைமுகத்துக்கான கியூட் நிரலகத்தின் கதை இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. 1996-இல் தொடங்கிய கேடிஇ பணிமேடைத் திட்டம் கியூட்டின்மேல் எழுந்தது. அப்போது கியூட் கட்டற்ற மென்பொருள் அல்ல. அதற்குப் பதிலாகத்தான் 1997-இல் க்னோம் தொடங்கியது. அதன் அடித்தளமான ஜிடிகே எல்ஜிபிஎல்லில் இருந்தது. போட்டி வந்த பிறகு கியூட் படிப்படியாக இறங்கி வந்தது. 1998-இல் தனக்கென எழுதிய கட்டற்ற உரிமம் ஒன்றை அறிவித்தது. 2000-இல் ஜிபிஎல்லையும் சேர்த்தது. நோக்கியாவின் கைக்குப் போனபின் 2009-இல் எல்ஜிபிஎல் 2.1-ஐயும் ஏற்றது. மூடிய மென்பொருள் செய்பவருக்கு ஜிடிகே என்ற கட்டணமில்லா வழி இருந்தவரை ஜிபிஎல் அவரை ஜிபிஎல்லுக்கு இழுக்கவில்லை, ஜிடிகேவுக்குத் தள்ளியது. பின்னர் 2016-இல் கியூட் எல்ஜிபிஎல் 3-க்கு நகர்ந்தது. ஏன் என்று புரிந்துகொள்ள எல்ஜிபிஎல் உண்மையில் எதைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எல்ஜிபிஎல் என்றால் மூடிய நிரலிலும் சேர்த்துக்கொள்ளலாம், நிரலகத்தில் செய்த திருத்தங்களை மட்டும் திருப்பித் தந்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். இது அரைகுறை விளக்கம். 2.1 பதிப்பின் ஆறாம் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் அதன் உயிர்நாடி வேறிடத்தில் இருப்பது தெரியும். நிரலகத்தைப் பயன்படுத்தும் மூடிய நிரலைப் பெறுபவர், அந்த நிரலகத்தைத் தானே திருத்தி, திருத்திய பதிப்பைப் பழையதன் இடத்தில் பொருத்தி, முழு நிரலையும் மீண்டும் இயக்க முடிய வேண்டும். நிரலகம் தனிக் கோப்பாக இருந்து இயங்கும்போது இணைவதானால் இது தானே நடந்துவிடும்; அந்தக் கோப்பை மாற்றினால் போதும். நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்திருந்தால், மீண்டும் இணைப்பதற்கு வேண்டிய இடைநிலைக் கோப்புகளையாவது பயனருக்குத் தர வேண்டும். அது மட்டுமல்ல, அப்படித் திருத்தியதில் பிழை தேடுவதற்காக மூடிய நிரலைப் பிரித்து ஆராய்வதை விற்பவர் தடை செய்யக்கூடாது. வணிக உரிம ஒப்பந்தங்களில் பிரித்து ஆராயத் தடை என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைப்பவர்கள் இந்த வரியைக் கவனிப்பதில்லை.

மாற்றிப் பொருத்தும் இந்த உரிமைதான் மூன்றாவது ஆளுக்குக் கிடைப்பது. படம் திறக்கும் நிரலகத்தில் ஒரு பாதுகாப்புக் குறை வந்தால், அதை விற்ற நிறுவனம் கடையை மூடிப் போயிருந்தாலும் பயனரோ அவருக்குத் தெரிந்த நிரலாளரோ குறையைத் திருத்திக்கொள்ள முடியும். எல்ஜிபிஎல்லை மற்ற இடைநிலை உரிமங்களிலிருந்து பிரித்துக் காட்டும் கோடு இதுவே. இதைக் கருதாமல் எல்லாவற்றையும் ஒன்றுபோல் பேசுவதால்தான் தவறான தேர்வுகள் நடக்கின்றன.

இந்த உரிமை எங்கெல்லாம் வெறும் எழுத்தாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எல்ஜிபிஎல் எழுதப்பட்டபோது மனத்தில் இருந்தது சி மொழி: தலைப்புக் கோப்பில் அறிவிப்புகள், நிரலகக் கோப்பில் உண்மையான நிரல், நடுவே தெளிவான எல்லை. சி++ வார்ப்புருக்கள் அந்த எல்லையை அழித்துவிட்டன. நேரியல் இயற்கணிதத்துக்கான ஐகன் நிரலகம் முழுவதும் தலைப்புக் கோப்புகளாலானது. அதைப் பயன்படுத்தும் நிரல் தொகுக்கப்படும்போது ஐகனின் வரிகள் அந்த நிரலின் வரிகளோடு கலந்து, அதற்கேற்ப உருமாறி, பிரிக்க முடியாமல் போய்விடும். எதைக் கழற்றி எதைப் பொருத்துவது? பத்து வரிக்கு உட்பட்ட சிறு இன்லைன் செயற்கூறுகளுக்கு எல்ஜிபிஎல் விலக்கு தருகிறது. ஐகன் போன்றதற்கு அந்த அளவு எம்மாத்திரம்? உரிமத்தை எப்படிப் பொருள்கொள்வது என்று பயனர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த நிலையில் 2012-இல் ஐகன் மோசில்லாவின் எம்பிஎல் 2.0-க்கு மாறியது. அது சரியான முடிவு. கோ, ரஸ்ட் போன்ற மொழிகளில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக நிலையாக இணைப்பதே வழக்கம் என்பதால் இதே சிக்கல் அங்கும் உண்டு.

எம்பிஎல்லின் எல்லை கோப்பு. 1998-இல் நெட்ஸ்கேப் உலாவியின் மூல நிரலைத் திறந்தபோது இந்த உரிமம் உருவானது. 2012 ஜனவரியில் 2.0 பதிப்பு வந்தது. எம்பிஎல் கோப்பைத் திருத்தினால் திருத்திய அந்தக் கோப்பின் மூலத்தைத் தர வேண்டும். பக்கத்தில் நீங்கள் எழுதும் புதிய கோப்பு எந்த உரிமத்திலும் இருக்கலாம். எப்படி இணைத்தீர்கள் என்ற கேள்வியே எழாது. 2.0 பதிப்பில், ஆசிரியர் வேண்டாம் என்று குறிப்பிடாதவரை, ஜிபிஎல் குடும்பத்தோடும் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஒரு வழக்கறிஞர் அரை மணி நேரத்தில் படித்து முடித்துச் சரி என்று சொல்லிவிடக்கூடிய உரிமம் இது. அந்தத் தெளிவுக்கான விலையை மறைக்கக்கூடாது. எம்பிஎல் நிரலகத்தைத் திருத்திய நிறுவனம் அந்தத் திருத்தங்களை வெளியிடும், ஆனால் தன் மூடிய பொருளில் நீங்கள் திருத்திய பதிப்பைப் பொருத்த வழிசெய்யாது. நிரலகம் பிழைக்கும். அதைப் பெற்றவருக்கு மாற்றிப் பொருத்தும் உரிமை கிடையாது.

இவ்விரண்டுக்கும் நடுவே விலக்குகள் இருக்கின்றன. ஜிபிஎல்லையோ எல்ஜிபிஎல்லையோ எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஒன்றை மட்டும் அனுமதிக்கும் கூடுதல் பத்தி சேர்ப்பது வழக்கம். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் இப்படித்தான் எல்ஜிபிஎல்லில் நிலை இணைப்புக்கு வழிவிட்டது. 2006-இல் சன் நிறுவனம் ஜாவாவை ஜிபிஎல்லில் வெளியிடப்போவதாக அறிவித்தபோது, ஜாவாவில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலும் ஜிபிஎல் ஆகிவிடாதபடி குனூ கிளாஸ்பாத் திட்டத்தின் விலக்கைப் பயன்படுத்திக்கொண்டது. என்னை மிகவும் கவர்ந்தது ஜிசிசி தொகுப்பியின் விலக்கு. ஜிசிசி தொகுக்கும் நிரல்களுக்குள் அதன் துணை நிரலகத்தின் துண்டுகள் போய் உட்காரும். அவை ஜிபிஎல் 3-இல் இருக்கின்றன. 2009-இல் எழுதிய விலக்கு அவற்றை மூடிய நிரலிலும் சேர்க்க அனுமதிக்கிறது, ஒரு நிபந்தனையோடு: தொகுக்கும் வழியில் ஜிசிசியின் உள்வடிவத்தை எடுத்து மூடிய கருவி எதுவும் கையாண்டிருக்கக்கூடாது. செருகுநிரல்களுக்கு ஜிசிசி இடம் தந்தது இந்தப் பாதுகாப்பு அமைந்த பிறகுதான். விலக்கு என்றாலே விட்டுக்கொடுத்தல் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மறுப்பு. எதைக் காக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கதவை எவ்வளவு திறப்பது என்றும் அளந்திருக்கிறார்கள். எனினும் சொந்தமாக விலக்கு எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே பலரும் பயன்படுத்தும் வாசகம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கைபேசிகளும் பிற கருவிகளும் மாற்றிப் பொருத்தும் உரிமைக்கு வேறொரு சோதனை வைத்தன. கருவி, தயாரிப்பாளரின் கையொப்பமில்லாத மென்பொருளை இயக்காது என்றால், மூலத்தைக் கொடுத்தும் பயனில்லை. 2007 ஜூன் 29 அன்று வெளியான ஜிபிஎல் 3-உம் எல்ஜிபிஎல் 3-உம் இதைக் குறிவைத்தன. நுகர்வோர் கருவியோடு நிரலகத்தைத் தருபவர், திருத்திய பதிப்பை அந்தக் கருவியில் நிறுவத் தேவையான தகவலையும் தர வேண்டும். கியூட் 2016-இல் மூன்றாம் பதிப்புக்குப் போனதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. காரும் தொலைக்காட்சியும் செய்பவர்கள் பயனருக்குக் கதவைத் திறக்க வேண்டும், மனமில்லையென்றால் வணிக உரிமத்தை விலைக்கு வாங்க வேண்டும். இரட்டை உரிமத்தில் காப்பிலெஃப்ட்டின் வலிமையே விற்பனைப் பொருளாகிறது. இதைப் பலர் குறை சொல்வார்கள். கட்டற்ற பதிப்பு முழுமையாக இருக்கும்வரை எனக்கு அதில் குறை தெரியவில்லை.

காணொளி இயக்கியான விஎல்சி எதிர்த்திசையில் போனது. ஐபோனுக்கான விஎல்சி 2011 ஜனவரியில் ஆப்பிளின் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அந்தக் கடையின் விதிகளும் ஜிபிஎல்லும் ஒத்துப்போகாது என்று விஎல்சியின் நிரலாளர் ஒருவரே முறையிட்டிருந்தார். அதே ஆண்டின் இறுதியில் அதன் மையமான லிப்விஎல்சி, ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல் 2.1-க்கு மாற்றப்பட்டது. மற்ற நிரல்களும் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். பல ஆண்டுகளாகப் பங்களித்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். உரிமத்தைத் தளர்த்தவும் எல்லோர் சம்மதமும் வேண்டும் என்பதை இது நினைவூட்டுகிறது. தனியாளாக இருக்கும்போது இறுக்கமாகத் தொடங்கிவிட்டுத் தேவையானால் தளர்த்துவது ஒரு மின்னஞ்சல்கூட இல்லாமல் முடியும். முதல் பத்துப் பேர் திருத்தம் அனுப்பிய பிறகு அது பெருவேலை.

பின்னாளில் இறுக்குவது வேறுவிதமாகத் தோற்கும். பிடிஎஃப் உருவாக்கும் ஐடெக்ஸ்ட் நிரலகம் எல்ஜிபிஎல்லிலும் எம்பிஎல்லிலும் இருந்தது. 2009-இல் ஐந்தாம் பதிப்போடு ஏஜிபிஎல்லுக்குத் தாவியது, கூடவே வணிக உரிமமும் விற்றது. ஏற்கெனவே வெளியான நான்காம் பதிப்பை யாரும் திரும்பப் பெற முடியாதே. அதிலிருந்து கிளைத்த ஓபன்பிடிஎஃப் பழைய உரிமத்தோடு தனியாக வளர்கிறது.

ஏஜிபிஎல் பற்றி இங்கே சொல்லிவிடலாம். 2007 நவம்பரில் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, நிரலைத் திருத்தி வலையமைப்பு வழியாகப் பிறருக்குச் சேவை தருபவரையும் மூலம் தரச் சொல்கிறது. சாதாரண ஜிபிஎல்லில், சேவையகத்திலேயே வைத்து இயக்குபவர் யாருக்கும் நகல் தருவதில்லை, ஆகவே கடமையும் இல்லை. இன்று மென்பொருளில் பெரும்பகுதி அப்படித்தான் நம்மை வந்தடைகிறது. அதை எண்ணினால் ஏஜிபிஎல்லின் நியாயம் தெளிவு. ஆனால் நிரலகத்துக்கு அது மிகக் கனமான உரிமம். ஒரு சிறு நிரலகம் ஒரு முழு இணையச் சேவையின் மூலத்தையும் கேட்கும். பல பெருநிறுவனங்கள் ஏஜிபிஎல் என்ற பெயரைக் கண்டாலே அனுமதிப்பதில்லை. வணிக உரிமம் விற்க எண்ணுபவர்களுக்கும், தன் நிரலகம் கட்டற்ற சேவைகளில் மட்டுமே இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைப்பவர்களுக்கும் அது பொருந்தும். எல்ஜிபிஎல்லின் ஏஜிபிஎல் வடிவம் ஒன்று இல்லை என்பதை ஒரு குறையாகவே பார்க்கிறேன்.

உரிமத்தின் பெயரைப் போலவே பதிப்பு எண்ணும் முக்கியம், இதில்தான் நல்ல நோக்கமுள்ளவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். எல்ஜிபிஎல் 2.1 நிரலகத்தை ஜிபிஎல் நிரலில் சேர்ப்பதில் தடையில்லை. விரும்பினால் ஜிபிஎல்லாகவே மாற்றிக்கொள்ள அதன் மூன்றாம் பிரிவு இடம் தருகிறது. எல்ஜிபிஎல் 3 அப்படியல்ல. அது ஜிபிஎல் 3-இன்மேல் சில கூடுதல் அனுமதிகளாக எழுதப்பட்டது. ஆகவே ஜிபிஎல் 2 மட்டும் என்று அறிவித்த நிரல்கள் அதனோடு இணைய முடியாது. மூடிய மென்பொருள் இணையலாம், கட்டற்ற நிரல் ஒன்று இணையக்கூடாது என்ற விசித்திர நிலை. பெரிய எண்களைக் கணக்கிடும் ஜிஎம்பி 2007-இல் எல்ஜிபிஎல் 3-க்குப் போனது. 2014-இல் ஆறாம் பதிப்பில் எல்ஜிபிஎல் 3, ஜிபிஎல் 2 இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்று சேர்த்து அந்த இடைவெளியை அடைத்தது. பாதுகாப்பான இணைப்புக்கான குனூடிஎல்எஸ் 2011-இல் எல்ஜிபிஎல் 3-க்குப் போய், 2013-இல் 2.1-க்கே திரும்பிவிட்டது. மைசீக்வெல் தரவுத்தளத்தின் பயனர்பக்க நிரலகம் நான்காம் பதிப்பில் எல்ஜிபிஎல்லிலிருந்து ஜிபிஎல்லுக்கு மாறியபோது, பிஎச்பி மொழியின் உரிமத்தோடு முரண்பட்டது. பிஎச்பி 5 அதைத் தன்னோடு சேர்த்துத் தருவதை நிறுத்தியது. 2004-இல் கட்டற்ற மென்பொருள்களுக்கென ஒரு விலக்கு எழுதித்தான் அதைச் சரிசெய்தார்கள். அப்பாச்சி 2.0 உரிம நிரலும் ஜிபிஎல் 3-உடன் சேரும், ஜிபிஎல் 2-உடன் சேராது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை.

ஆகவே எந்த உரிமம் தேர்ந்தாலும் இந்தப் பதிப்பு, அல்லது பின்னர் வரும் எதுவும் என்ற சொற்களைச் சேர்ப்பது பெரும்பாலானவர்களுக்கு நல்லது. நாளை வரப்போகும் பதிப்பை இன்றே நம்புவதா என்று தயங்குபவர்கள் உண்டு. லினக்ஸ் கருவகம் இரண்டாம் பதிப்பு மட்டும் என்று நிற்பது அந்தத் தயக்கத்தாலும்தான். ஆனால் நிரலகத்தின் வேலையே மற்ற நிரல்களோடு சேர்வது. சேர முடியாமல் போவது அதற்குப் பெரிய இழப்பு.

காப்பிலெஃப்ட்டே வேண்டாம் என்ற முடிவும் சில நேரம் சரி. ஓக் வோர்பிஸ் ஒலி வடிவத்தின் நிரலகங்கள் 2001-இல் எல்ஜிபிஎல்லை விட்டு பிஎஸ்டி வகை உரிமத்துக்குப் போனபோது ஸ்டால்மனே ஆதரித்தார். அன்று பேட்டன்ட் சுமையிருந்த எம்பி3-ஐ வெல்ல வேண்டும், அதற்கு எல்லாக் கருவிகளிலும் அந்த வடிவம் ஓட வேண்டும் என்பது காரணம். நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு ஹார்ஃப்பஸ். கொம்பும் காலும் சரியான இடத்தில் அமைந்து தமிழ் எழுத்து திரையில் தெரிவதற்கான வடிவமைப்பை ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரெஆஃபிஸிலும் அதுதான் செய்கிறது. அதன் உரிமம் பழைய எம்ஐடி வகை. ஜிபிஎல்லில் இருந்திருந்தால் இவற்றில் பலவும் அதை எடுத்திருக்காது. ஒரு மொழி எல்லாக் கருவிகளிலும் ஒழுங்காகத் தெரிவதும் பயனரின் உரிமைதான் என்பதால் அங்கே தாராளம் சரியான தேர்வு. அதற்காகத் தமிழுக்கு எழுதும் எல்லா நிரலகமும் அப்படியே இருக்க வேண்டும் என்று பொருளில்லை. எழுத்துணரியோ சொற்பகுப்பியோ பல ஆண்டு உழைப்பில் உருவானால், அதை எடுத்து மேம்படுத்துபவர் மேம்பாட்டைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவராக இருப்பதே நியாயம். சொல்திருத்தியான ஹன்ஸ்பெல் ஜிபிஎல், எல்ஜிபிஎல், எம்பிஎல் மூன்றையும் தந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னது. காப்பிலெஃப்ட்டை விடாமலே ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரெஆஃபிஸிலும் அது இடம்பிடித்தது.

யாருக்கு உரிமம் தரும் அதிகாரம் இருக்கிறது என்பது அதற்கும் முந்திய கேள்வி. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின் பகுதியாக எழுதியதன் முதல் உரிமையாளர் பணியளிப்பவரே. சென்னையிலோ கோவையிலோ மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே மாலையில் நிரலகம் எழுதுபவர், தன் பணி ஒப்பந்தம் அந்த மாலை நேரத்தையும் பிடித்துவைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்திடம் உரிமை கோரமாட்டோம் என்று எழுத்தில் வாங்கும்படி ஜிபிஎல்லின் பின்னிணைப்பே சொல்கிறது. அதைச் செய்யாமல் எந்த உரிமம் போட்டாலும், போட அதிகாரமில்லாதவர் போட்டதாகிவிடலாம்.

இனி, உரிமத்தை மீறினால் என்ன ஆகும்? ஒரு நிரலகத்தோடு இணையும் நிரல் அதன் வழிப்படைப்பா, அதாவது அதிலிருந்து பிறந்த படைப்பா என்ற அடிப்படைக் கேள்விக்கு நீதிமன்றங்கள் இன்னும் நேரான பொதுவிடை தரவில்லை. ஆம் என்னும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விளக்கத்தை ஏற்காத சட்ட அறிஞர்களும் உண்டு. ஆயினும் ஜிபிஎல் நிரலகம் ஒன்று தன் மதிப்பை நிலைநாட்டிய வழக்கு இருக்கிறது. ஒரே நுழைவில் பல சேவைகளைப் பயன்படுத்த உதவும் லாசோ நிரலகத்தை ஆந்த்ரூவேர் என்ற சிறிய பிரெஞ்சு நிறுவனம் எழுதியது. ஜிபிஎல் 2-இலும் வணிக உரிமத்திலும் அது கிடைத்தது. தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச், அரசின் இணையச் சேவைக்காகச் செய்த தளத்தில் ஜிபிஎல் நிபந்தனைகளைப் பின்பற்றாமல் அதைப் பயன்படுத்தியது. 2011-இல் வழக்குத் தொடுத்தார்கள். இது ஒப்பந்த மீறல்தான், காப்புரிமை மீறல் அல்ல என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 2022 அக்டோபரில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆரஞ்சுக்கு ஐந்து லட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட இழப்பீடு விதித்தது. எழுதியவரின் உரிமை காக்கப்பட்டது, பதின்மூன்று ஆண்டு கழித்து.

எழுதியவர் வழக்குப் போடாவிட்டால் மூன்றாவது ஆளுக்கு வழியுண்டா? அமெரிக்காவில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 2021-இல் தொலைக்காட்சி நிறுவனமான விசியோமீது தொடுத்த வழக்கு இந்தக் கேள்வியை எழுப்பியது. நிரல் எழுதியவராக நில்லாமல் தொலைக்காட்சியை வாங்கிய நுகர்வோராக நின்று, ஜிபிஎல், எல்ஜிபிஎல் நிரல்களின் மூலத்தைக் கேட்டது. ஜெர்மனியில் அதே அமைப்பின் துணையோடு ஒரு பயனர் எல்ஜிபிஎல்லை வைத்தே சென்றார். அவர் வாங்கிய ஏவிஎம் நிறுவனத்தின் இணையத் திசைவியில் எல்ஜிபிஎல் 2.1 நிரலகங்கள் இருந்தன. கேட்டபோது நிறுவனம் மூலத்தை அனுப்பியது, ஆனால் அதைத் தொகுத்துத் திசைவியில் நிறுவுவதற்கான கட்டளைக் கோப்புகள் முழுமையாக இல்லை. முழுமையான மூல நிரல் என்பதில் அவையும் அடங்கும் என்று 2.1 பதிப்பின் வரையறையிலேயே எழுதியிருக்கிறது. 2023-இல் பெர்லினில் வழக்குத் தொடுத்தார். விடுபட்டவற்றை ஏவிஎம் கொடுத்துவிட்டது, வழக்குச் செலவையும் ஏற்க நேர்ந்தது. விஷயம் 2025 ஜனவரியில் வெளியில் அறிவிக்கப்பட்டது. அந்த நிரலகங்களில் ஒரு வரிகூட அவர் எழுதியதாகக் கோரவில்லை. திருத்திய நிரலகத்தைத் தன் திசைவியில் பொருத்த வேண்டும் என்பதே அவர் கேட்டது.